வெற்றிலை ஏன் வலது பக்கம் போனது?

கேள்வி: எனக்கு வயது 41. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் தவறாமல் வாய்ப்புண் வருகிறது. நாக்கு ஓரத்தில், உதட்டின் உள்பக்கத்தில் இரண்டு மூன்று. காபி பட்டால் உயிர் போகிறது. பத்து நாளில் ஆறிவிடும். அடுத்த மாதம் வேறு இடத்தில் வரும். மூன்று டாக்டர், பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, தடவுகிற ஜெல், பற்பசை மாற்றம் எல்லாம் பார்த்தாயிற்று. நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே சூட்டு உடம்பு. 68 வயது அம்மாவுக்கும் பொங்கலுக்கு முன்னால் இடது கன்னத்தில் வந்த புண் இன்னும் இருக்கிறது. ஆனால் வலி இல்லையாம். வெற்றிலையை மட்டும் வலது பக்கம் மாற்றிப் போட்டுக்கொள்கிறார். பாவம், எனக்காகச் சமையலில் காரத்தையே குறைத்துவிட்டார். வாரம் மூன்று நாள் மணத்தக்காளிக் கீரை. ஆவணியில் அக்கா மகள் கல்யாணத்துக்கு மதுரை போகும்போது அம்மாவை அங்கே டாக்டரிடம் காட்டுவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். என் வாய்ப்புண் நிரந்தரமாகத் தீர வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கமும் உங்கள் நாக்குதான். எந்தத் தேதியில் எந்தப் பக்கம் புண் வந்தது என்று கணக்குப் பிரிவுக்காரர் மாதிரியே வரிசைப்படுத்தி இருக்கிறீர்கள். அம்மாவின் கன்னத்துக்கு மட்டும் இரண்டு வரி. இந்தப் பக்கத்துக்கு வாய்ப்புண் என்று வராத மாதம் கிடையாது. உங்களுடையது மாதிரி நூறு படித்திருப்பேன். அந்த இரண்டு வரி மாதிரி அடிக்கடி வருவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் வந்த புண் என்கிறீர்கள். எழுதுவது ஆடி மாதத்தில். முழுசாக ஆறு மாதம். நம் உடம்பிலேயே சீக்கிரம் ஆறுகிற இடங்களில் வாயும் ஒன்று. சூடான பாயசம் பட்டுப் பொத்துப்போன மேலண்ணம் நாலு நாளில் பழையபடி ஆகிவிடுவது உங்களுக்கே தெரியும். வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று வாரம் தாண்டினால் அதை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் இருபத்தைந்து வாரம் தாண்டியிருக்கிறது. அதற்குச் "சூட்டு உடம்பு" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

"ஆனால் வலி இல்லையாம்." இந்த "ஆனால்"தான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்து நாளில் ஆறிவிடும் புண்தான் உயிர் போகிற மாதிரி வலிக்கும். உங்களுக்கு வருவது அந்த ரகம். வாயில் புற்று தொடங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. வலி பிறகுதான் வரும். வரும்போது நிலைமை முற்றியிருக்கும். அதனால் ஆறு மாதமாக ஆறாத புண்ணில் வலி இல்லை என்பது ஆறுதலான சேதி அல்ல, பயப்பட வேண்டிய சேதி. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தைப் படித்து அதை யாராலும் சொல்ல முடியாது. உடைந்த பல்லின் கூர் குத்திக்கொண்டே இருந்தாலும், பல்செட் உரசினாலும் புண் ஆறாது. ஆனால் எது என்று வாயைத் திறந்து பார்த்தவர்தானே சொல்ல முடியும்? உங்கள் வீட்டில் யார் பார்த்தீர்கள்?

இப்போது அந்த வெற்றிலைக்கு வருகிறேன். நாற்பது வருஷம் இடது பக்கம் அடக்கியவர் ஒருநாள் வலது பக்கம் மாற்றுகிறார் என்றால் சும்மாவா மாற்றுவார்? வெற்றிலை போடுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் என்பது நாம் வலது கையால் சாப்பிடுகிற மாதிரி. கை தானாக அங்கே போகும். அதை மாற்ற வேண்டுமென்றால் இடது பக்கம் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், எரிந்திருக்க வேண்டும், அல்லது அங்கே தோல் தடித்து வெற்றிலை நிற்காமல் போயிருக்க வேண்டும். உங்களிடம் "வலி இல்லை" என்றார். கையோ வேறு பதில் சொன்னது. அதை நீங்கள் கவனித்தும் இருக்கிறீர்கள், எனக்கு எழுதியும் அனுப்பிவிட்டீர்கள். அதன் பிறகும் ஒரு டார்ச்சை எடுத்து அம்மா வாய்க்குள் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்தது அந்தக் காரம். "எனக்காகக் குறைத்துவிட்டார்" என்று உருகியிருக்கிறீர்கள். தம்பி, கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்குப் பல வருஷமாக வாய்ப்புண். காரம் குறைந்தது எப்போது? பொங்கலுக்குப் பிறகா? பாக்கு வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் மெல்ல மெல்ல இறுகி நார் மாதிரி ஆகும். அதன் முதல் அடையாளம் காரம் தாங்காமல் போவது. பிறகு வாய் முழுசாகத் திறக்காது. அம்மாவை அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டோடு நின்றால் இறுக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். தனக்கு எரிகிறது என்பதை உங்கள் தலையில் ஒரு பாசமாக ஏற்றிவிட்டு அவர் பாட்டுக்கு அடுப்படியில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதுப் பெண்கள் இதில் கெட்டிக்காரிகள்.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. என் பெரிய அத்தை ஒரு வருஷம் "பல்லு குத்துது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கினோம். பிடுங்கிய குழி ஆறவே இல்லை. அப்போதும் நாங்கள் கல்லுப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொன்னோமே தவிர வேறெங்கும் கூட்டிப்போகவில்லை. அத்தைக்கு நான்கு பிள்ளைகள். "பெரியவன் பார்த்துக்குவான்" என்று மூன்று பேர் இருந்தார்கள். "பொண்ணு வீட்டுக்குப் போறப்போ பார்த்துக்கலாம்" என்று பெரியவர் இருந்தார். அதனால்தான் உங்கள் ஆவணிக் கல்யாணக் கதையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்குத் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் எங்கே இருக்கும்? அதுவும் உங்களுக்குத் தெரியும். அம்மா யார் வீட்டில் சாப்பிடுகிறாரோ, இல்லை, உங்கள் விஷயத்தில் யாருக்குச் சமைத்துப் போடுகிறாரோ, அவர்தான் கூட்டிப்போக வேண்டும். என் நியாயம் அவ்வளவுதான்.

பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. "புகையிலை இல்லாமல்தான் போடுகிறார்" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே சொல்லிவிட்டது: புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். சேர்த்தால் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்பு தோலை அரிக்கும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் எந்தப் பள்ளத்தில் மணிக்கணக்காக அடக்கி வைக்கிறார்களோ, அந்தப் பள்ளத்தில்தான் நம் நாட்டில் வாய்ப் புற்று அதிகம் வருகிறது. தாம்பூலத்தை நான் பழிக்கவில்லை. பந்தி முடிந்து ஒரு வெற்றிலை மெல்லுவது வேறு, அடக்கிக்கொண்டே தூங்கிப்போவது வேறு.

இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அம்மாவை விளக்கடியில் உட்கார வையுங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். வாயை நன்றாகக் கொப்பளித்த பிறகு, கழுவிய ஸ்பூனின் பின்புறத்தால் இடது கன்னத்தை மெல்ல ஒதுக்கி, போன் டார்ச்சை அடியுங்கள். ஓரம் தடித்திருக்கிறதா? துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு ஏதாவது? பக்கத்துப் பல் ஆடுகிறதா? தாடைக்குக் கீழே, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா? எதுவுமே தெரியாவிட்டாலும் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்; ஆறு மாதம் என்ற ஒன்றே போதும். நீங்கள் பார்ப்பது உங்களுக்கு உறைப்பதற்காக.

உங்கள் திருச்சியிலேயே, புத்தூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் காலையில் சீட்டுப் போட்டு உட்காருங்கள். கையோடு மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொந்தக்காரர் யாராவது கட்டாயம் சொல்வார். பரவாது. துணுக்கு எடுக்காமல் ஜெல் தடவிக்கொண்டே காலம் தள்ளினால்தான் பரவும். முக்கியமாக, உங்கள் ஜெல்லை அம்மாவுக்குத் தடவக் கொடுக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்கு ஆபரேஷனோடு முடிந்துபோகும். நாள் கடத்தினால் தாடை எலும்பை எடுப்பது, கதிர்வீச்சு என்று நீளும், பிழைப்பதும் கஷ்டமாகும்.

சரி, உங்கள் வாய்ப்புண். நான்கு வருஷமாக மெட்ஃபார்மின் என்கிறீர்கள். அந்த மாத்திரை நாள்பட்டால் பி12 சத்தை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். பி12 குறைந்தால் வாய்ப்புண் வரும். பி12, ஃபோலிக் அமிலம், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது), இந்த நாலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிச் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறைய நுரைக்கிற பற்பசையில் இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். புண் இருக்கும்போது ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது நல்லது. மணத்தக்காளியும் தேங்காய்ப்பாலும் நாக்குக்கு இதம்தான், சாப்பிடுங்கள். ஆனால் நீங்களே கீரையை ஆய்ந்து கொடுங்கள். அம்மா இந்த வாரம் அடுப்பை விட்டு வெளியே வரட்டும்.

புத்தூர் போகும்போது அம்மாவின் வெற்றிலைப் பெட்டியையும் பையில் எடுத்து வையுங்கள். எவ்வளவு போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். "எப்பவாவது ஒண்ணு" என்பார் அம்மா. அப்போது நீங்கள் பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைக்க வேண்டும்.