டிஎக்ஸ்7-இல் டோன் எடிட்டிங்: கேளுங்கள், சொல்கிறேன்

யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைசர் கீபோர்டு பற்றி மட்டும் கேளுங்கள். எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

கே: அண்ணா, பழைய டிஎக்ஸ்7 ஒன்று கிடைத்திருக்கிறது. எங்கே தொடங்க?

ப: முதலில் உள்ளிருக்கும் 32 டோன்களையும் சிஸெக்ஸ் டம்ப்பாக, அதாவது மிடி வழியே அனுப்பும் நகலாக, கணினியில் இறக்கி வையுங்கள் தம்பி. 1983-இல் வந்த பெட்டி, அந்த மெமரியைக் காப்பாற்றுவது ஒரு சின்ன பேட்டரி, அது போனால் எல்லாம் போச்சு. அப்புறம் எடிட் பட்டனைத் தொடுங்கள்.

கே: ஈ.பியானோ 1 என்ற டோனில் அந்த 'டிங்' அதிகம். எப்படிக் குறைக்க?

ப: இதுதான் நல்ல கேள்வி. ஆபரேட்டர் என்பது சைன் அலை எழுப்பும் பாகம், இதில் ஆறு உண்டு; அவற்றை இணைக்கும் விதம்தான் அல்காரிதம். அது அல்காரிதம் 5, அதாவது மூன்று ஜோடி, ஒவ்வொன்றிலும் காதில் கேட்கும் ஒரு கேரியர், அதை ஆட்டிவைக்க ஒரு மாடுலேட்டர். எடிட் மோடில் 3 முதல் 6 வரை ஆபரேட்டர்களை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், டிங் மட்டும் தனியாகக் கேட்கும். மாடுலேட்டரான 2-ஐயும் அணைத்தால் வெறும் சைன் அலைதான் மிச்சம். டிங்குக்குக் காரணம், 2-இன் ரேஷியோ 14.00, அதாவது வாசிக்கும் சுருதியைப் போல 14 மடங்கு அதிர்வெண். அதன் அவுட்புட் லெவலை நாலைந்து இறக்குங்கள், போதும். கேரியரான 1-இன் லெவலைக் குறைத்தால் அந்த ஜோடியின் சத்தம்தான் குறையும், குணம் மாறாது. இன்னும் அழுத்தி வாசித்தால் மட்டும் டிங் வரட்டும் என்றால், 2-இன் வெலாசிட்டி சென்ஸிட்டிவிட்டி (அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் அளவு) உச்சமான 7-இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டர் எங்கே இருக்கிறது?

ப: இல்லை. மாடுலேட்டர் லெவல்தான் உங்கள் ஃபில்டர்.

கே: ஸ்ட்ரிங்ஸ் டோன் மெதுவாக எழ, என்வலப்பின் ரேட் 1-ஐ (ஒலி எழும் கட்டம்) 99 வைத்தேன், சட்டென்று அடிக்கிறதே?

ப: அது வேகம், நேரம் அல்ல. எண் ஏற ஏற வேகம். குறையுங்கள்.

கே: சார், டிஎக்ஸ்7-இல் இருப்பது எஃப்எம்மே (அதிர்வெண்ணை ஆட்டுவது) இல்லை, ஃபேஸ் மாடுலேஷன் (அலையின் கட்டத்தை ஆட்டுவது). யமஹா ஏமாற்றிவிட்டது.

ப: ஏமாற்றா? 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் இதைக் கண்டுபிடித்த ஜான் சௌனிங், 1973 கட்டுரையில் எழுதிய சமன்பாட்டிலேயே மாடுலேட்டர் ஃபேஸில்தான் கூடுகிறது. ஒரு சைன் இன்னொரு சைனை ஆட்டும்போது இரண்டு வழியிலும் ஒரே ஸ்பெக்ட்ரம்தான் (ஒலியில் கலந்த அதிர்வெண்களின் தொகுப்பு), காதுக்கு வித்தியாசம் தெரியாது.

கே: அப்படியென்றால் கம்ப்யூட்டரில் அசல் எஃப்எம் செய்து பார்த்தபோது ஃபீட்பேக் (ஒரு ஆபரேட்டர் தன்னைத்தானே ஆட்டுவது) ஏற்றியதும் சுருதி ஏன் விலகியது?

ப: அதைத்தான் சொல்ல வந்தேன்! தன் அலையையே தன் அதிர்வெண்ணுக்குள் திருப்பிவிட்டால் சராசரி பூஜ்யத்தில் நிற்காது, சுருதி நகர்ந்துவிடும். ஃபேஸில் கூட்டினால் அந்தத் தொல்லை இல்லை. யமஹா செய்தது புத்திசாலித்தனம், இதில் இனி நான் வாதாடப் போவதில்லை.

கே: நாதஸ்வரம் வருமா?

ப: முக்கால்வாசி. ஃபீட்பேக்கை 6, 7-க்கு ஏற்றினால் சீவாளியின் கரகரப்பு கிட்டத்தட்ட வரும். ப்ரெத் கன்ட்ரோலர் (வாயால் ஊதும் கருவி) இருந்தால் செருகி, மாடுலேட்டர்களை மூச்சால் திறக்க விடுங்கள். எல்எஃப்ஓ (மெதுவாக ஆட்டும் ஆசிலேட்டர்) வைப்ரேட்டோவைப் போட்டுக் கமகம் என்று மட்டும் சொல்லாதீர்கள், பிட்ச் வீலில் கை பழக வேண்டும்.

கே: ரேட் 99 வைத்தும் மெதுவாக வரவில்லை...

ப: மேலே படியுங்கள்.

கே: எடிட் செய்து முடித்து வேறு டோனை அழுத்தினேன், எல்லாம் காணோம்!

ப: ஸ்டோர் செய்யாமல் நகர்ந்திருக்கிறீர்கள். ஃபங்ஷனில் எடிட் ரீகால் போடுங்கள், கடைசியாக எடிட் செய்தது அங்கே இருக்கும். அதற்குள் வேறு டோனில் எதையும் மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் அதுவும் போய்விடும். வந்ததும் மெமரி ப்ரொடெக்டை ஆஃப் செய்து ஸ்டோர் போடுங்கள். அதற்கு முன்னால், டம்ப் எடுத்தீர்களா?