எட்டுக் கிலோவா, மூன்று கிலோவா? இறைச்சிக்குச் செலவாகும் தானியக் கணக்கு

கேள்வி: ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு எட்டுக் கிலோ தானியம் செலவாகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கால்நடைகள் தின்பதில் 86 விழுக்காடு மனிதர் உண்ணாத பொருள்தான் என்று மறுசாரார் சொல்கிறார்கள். எதை நம்புவது? நிலம் வீணாகக் கூடாது என்பதற்காகவே என் உணவை மாற்ற நினைக்கிறேன். அதற்கு வீகன் (பால், முட்டை உட்பட விலங்கு உணவு எதையும் உண்ணாதவர்) ஆகியே தீர வேண்டுமா, இறைச்சியைக் குறைத்தால் போதுமா? முழுவதும் விட்டுவிட்டால் உடலுக்கு என்ன குறையும்?

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டு எண்களும் பொய்யல்ல, அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். கொட்டிலில் அடைத்து, விற்பனைக்கு முந்தைய மாதங்களில் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கப்படும் மாடு ஒரு கிலோ எடை கூட எவ்வளவு தீவனம் தின்கிறது என்று கேட்டால், ஆறு முதல் எட்டுக் கிலோ அல்லது அதற்கும் மேல் என்ற விடை வரும். அதே கேள்விக்குப் பன்றிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ என்றும், பண்ணைக் கோழிக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவு என்றும் விடை வரும். இவையெல்லாம் உயிரோடிருக்கும் விலங்கின் எடைக்கான கணக்கு. எலும்பையும் தோலையும் குடலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் எண்கள் இன்னும் உயரும்.

86 விழுக்காடு என்ற எண், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த ஆன் மோட்டே குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. உலகக் கால்நடைகள் அனைத்தும் ஓர் ஆண்டில் தின்னும் சுமார் 600 கோடி டன் தீவனத்தில் (ஈரத்தைக் கழித்த எடை) புல், வைக்கோல், தட்டை, தவிடு போன்று மனிதர் உண்ணாதவை எவ்வளவு என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. மேய்ச்சலையும் சேர்த்துப் பார்ப்பதால், எலும்பில்லாத ஒரு கிலோ இறைச்சிக்கு மனிதர் உண்ணத்தக்க தீவனம் அசைபோடும் விலங்குகளுக்குச் சராசரியாக 2.8 கிலோவும், பன்றிக்கும் கோழிக்கும் 3.2 கிலோவும் செலவாவதாக அவர்கள் கணக்கிட்டார்கள். இங்கே வரிசை தலைகீழாவதைக் கவனியுங்கள். தீவனத்தை எடை போட்டால் கோழி முந்துகிறது; மனிதனின் தட்டோடு போட்டி போடுவது எது என்று பார்த்தால் கோழி சற்றே பிந்துகிறது.

ஆனாலும் 86 விழுக்காட்டைக் காட்டிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று வாதிடுபவர்கள், அதே ஆய்வின் மற்றொரு வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எஞ்சிய சிறு பங்கு, உலகில் விளையும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்காகும். மொத்தம் மிகப் பெரிதாக இருக்கும்போது அதன் சிறிய விழுக்காடும் பெரிய அளவுதான். சோயாப் பிண்ணாக்கின் கதையும் இதுவே. தீவனத்தில் அது 4 விழுக்காடு மட்டுமே. அதை மனிதர் நேரடியாக உண்பதும் இல்லை. ஆயினும் சோயா விதைக்கப்படுவதற்கு அந்தப் பிண்ணாக்கின் தேவையே முதன்மைக் காரணமாக இருப்பதால், அதை எண்ணெய் ஆட்டியபின் எஞ்சிய கழிவு என்று எண்ணுவது சரியாகாது.

புல்லும் இலவசமாகக் கிடைப்பதன்று. மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி உழவுக்கு ஏற்றதல்ல என்பது உண்மை. ஆனால் சுமார் 68 கோடி எக்டேரைப் பயிர்நிலமாக்க முடியும் என்று அதே ஆய்வு மதிப்பிடுகிறது. உழ முடியாத நிலத்திலும், ஒரு காலத்தில் காடாக இருந்து மீண்டும் காடாகக்கூடிய பகுதிகள் உள்ளன. ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, விலங்கு உணவுகள் உலகின் வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டைப் பயன்படுத்திக்கொண்டு, நமக்கு வேண்டிய கலோரியில் 18 விழுக்காட்டையும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் தருகின்றன. உலகம் முழுவதும் அவற்றைக் கைவிட்டால் வேளாண் நிலத்தின் தேவை 76 விழுக்காடு குறையும் என்பது அவர்கள் முடிவு. நிலமே உங்கள் அக்கறை என்றால், இந்த எண்ணைத் தாண்டிச் செல்ல வழியில்லை.

அப்படியானால் வீகன் ஆகியே தீர வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அமெரிக்க வேளாண் நிலம் எத்தனை பேருக்கு உணவளிக்கும் என்று பத்து வகை உணவுமுறைகளை வைத்து 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் முதலிடம் பெற்றது பால் சேர்ந்த சைவ உணவு; இறைச்சி மிகக் குறைவாக உள்ள சில உணவுமுறைகள்கூட வீகன் உணவை விட அதிகம் பேருக்குச் சோறு போட்டன. வீகன் உணவில் ஆளுக்குத் தேவைப்படும் நிலம் மிகக் குறைவுதான் என்றாலும், மேய்ச்சலுக்கு மட்டுமே உதவும் நிலம் அதில் பயன்படாமல் போகிறது என்பதே காரணம். மேய்ச்சலையும், பயிர் மிச்சங்களையும், உணவுக் கழிவுகளையும் மட்டும் கொடுத்துக் கால்நடை வளர்த்தால் என்ன கிடைக்கும் என்று ஹன்னா வான் சான்டன் குழுவினர் 2018இல் ஆராய்ந்தார்கள். ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 9 முதல் 23 கிராம் விலங்குப் புரதம் கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட விடை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும் என்பதால், இது அவர் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை வரும். அந்த அளவுக்குள் பால், முட்டை, இறைச்சி எல்லாமே அடங்க வேண்டும். இப்படி மிச்சங்களில் வளரும் கால்நடையைச் சான்று காட்டித் தினமும் மூன்று வேளை இறைச்சி உண்பதை நியாயப்படுத்துபவர்கள், அந்தச் சான்று எவ்வளவு சிறிய தட்டுக்கானது என்பதைச் சொல்வதில்லை.

எதை முதலில் குறைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பூர், நெமெசெக் ஆய்வில் 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் சராசரி, கரியமில வாயுக் கணக்கில், இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டுக்கு 50 கிலோ. பால்மாட்டு மந்தையிலிருந்து வரும் இறைச்சிக்கு அது 17 கிலோவாகவும், பாலாடைக்கட்டிக்கு 11, பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2 கிலோவாகவும் இருக்கிறது. சோயாக்கட்டிக்கு 2 கிலோ. பட்டாணிக்கு அரைக் கிலோவைக்கூடத் தொடுவதில்லை. நிலக் கணக்கிலும் மாடு மேலே, பயறுகள் கீழே என்பதில் மாற்றமில்லை. ஆகவே, இறைச்சியைக் கைவிட்டு அந்த இடத்தைப் பாலாடைக்கட்டியால் நிரப்புபவர், கோழி உண்பவரை விடப் பின்தங்கிவிடக்கூடும். தொலைவிலிருந்து வரும் உணவைத் தவிர்த்தாலே போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆனால் உணவுசார்ந்த வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். எங்கிருந்து வந்தது என்பதை விட என்ன உணவு என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

எனவே, தானியத்தில் கொழுத்த மாட்டிறைச்சியை முதலிலும், பாலாடைக்கட்டியை அடுத்தும் குறைத்து, அவற்றின் இடத்தில் பயறுகளை வைப்பதே உங்கள் நோக்கத்துக்கு மிகுந்த பலன் தரும். மாட்டிறைச்சிக்குப் பதில் கோழிக்கு மாறுவது நிலத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடாக நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட வேண்டும். சிக்கனமான கோழி வளர்ப்பு என்பது நெருக்கி அடைத்த கொட்டகையில் நடப்பது. சிக்கனமும் உயிரிரக்கமும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. உயிர்க்கொலை ஆகாது என்பதற்காக வீகன் ஆனவரிடம் மேற்சொன்ன நிலக் கணக்கு எதையும் வாதமாக வைக்க முடியாது. அவர் எழுப்பும் கேள்வியே வேறு. நீங்கள் நிலத்தை முன்வைத்துக் கேட்டதால், நானும் அந்த எல்லைக்குள் நின்று விடை சொல்கிறேன்.

இனி உடலைப் பற்றி. புரதத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், தானியங்களில் லைசின் குறைவு. பயறுகளில் மெத்தியோனின் குறைவு. ஒரே நாளில் இரண்டையும் போதிய அளவு உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஒரே வேளையில் சேர்த்தே உண்ண வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாவர உணவின் இரும்புச்சத்து எளிதில் உடலில் சேர்வதில்லை என்பதால், வைட்டமின் சி நிறைந்த பழத்தை உணவோடு உண்பது உதவும். கால்சியமும் அயோடினும் எதிலிருந்து கிடைக்கின்றன என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கவனம் வேண்டியது வைட்டமின் பி12 விஷயத்தில்தான். அதை உருவாக்குபவை பாக்டீரியாக்கள். செறிவூட்டப்படாத தாவர உணவு எதையும் அதற்காக நம்ப முடியாது. ஸ்பைருலினா போன்ற பாசிகளில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். பெரியவர்களின் அன்றாடத் தேவை 2.4 மைக்ரோகிராம் மட்டுமே. ஆனால் ஒரு வேளையில் குடல் எளிதாக ஈர்ப்பது சுமார் இரண்டு மைக்ரோகிராமோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளே செல்கிறது. மாத்திரைகளில் தேவையைப் போலப் பன்மடங்கு வைத்திருப்பதற்கு இதுவே காரணம். ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறை உடனே வெளியில் தெரியாது. காய்கறிகளிலும் பயறுகளிலும் நிறைந்துள்ள ஃபோலேட் என்ற மற்றொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளூர வளரக்கூடும். ஆகவே முழு வீகன் ஆவதென்றால் முதல் நாளிலிருந்தே பி12 மாத்திரையைத் தொடங்குங்கள். கருவுற்றவர்களும், பாலூட்டுபவர்களும், குழந்தைகளுக்கு இந்த உணவைக் கொடுக்க நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தத்தில் பி12 அளவு எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சோதனை காட்டினால், மெத்தில்மலோனிக் அமிலச் சோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உயிரணுக்களுக்குள் உண்மையில் பற்றாக்குறை இருக்கிறதா என்பதை அது தெளிவாகக் காட்டும்.