மொரீசியஸில் தைப்பூசத்துக்கு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ். அங்கே ஒரு நாத்திகருக்கு என்ன குறை?

கேள்வி கேட்ட நண்பர் மதுரைக்காரர் என்று தெரிகிறது. "தமிழ்நாட்டிலேயே 2021இல்தான் தைப்பூசத்தை அரசு விடுமுறை ஆக்கினார்கள். உங்கள் தீவில் அது முன்பிருந்தே இருக்கிறது. ரூபாய் நோட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ். இதையெல்லாம் காப்பாற்றித் தந்தது கோயில்தானே? அப்புறம் ஏன் பொது வாழ்க்கையில் மதம் வேண்டாம் என்கிறீர்கள்? நீங்கள் கோயில் வாசலையே மிதிக்க மாட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்தவன். தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக வேலை பார்க்கிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழை நான் படித்துத்தான் பிடித்தேன். முதல் எழுத்தைப் படித்தது கோயிலின் பின்பக்கத்தில், சாயங்கால வகுப்பில். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த மொழியைச் சொல்லித்தர ஆளில்லாத காலத்தில் கோயில்களில்தான் விளக்கை ஏற்றி வைத்து வகுப்பு நடத்தினார்கள். எனக்கு அ, ஆ எழுதப் பழக்கிய ஐயா நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பேன். கடவுள் இல்லை என்ற முடிவுக்கு நான் வந்தது பிற்பாடு, நாலைந்து வருஷம் எனக்குள்ளேயே சண்டை போட்ட பிறகு.

என் குறையைச் சொல்ல 2022 கணக்கெடுப்பில் நடந்ததைச் சொன்னால் போதும். சாயங்காலம் ஒரு இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளை வராந்தாவில் உட்காரவைத்து வனிலா டீ கொடுத்தார். பெயர், வயது, வேலை எல்லாம் சரியாகப் போனது. "மதம்?" என்று கேட்டாள். எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அம்மா சொன்னார்: "தமிழ்."

எனக்கு மட்டும் 'மதமில்லை' என்று போடச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் டீ வடிகட்டி அப்படியே நின்றது. "பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாய், உன்னைத் தமிழன் இல்லை என்றா எழுதச் சொல்கிறாய்?" என்று கேட்டார். "அம்மா, மொழியைத் தனியாகக் கேட்பார்கள், இது மதம்" என்றேன். "தமிழ்தானே நம்ம மதம்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. உள்ளே போய்விட்டார்.

மதுரை நண்பருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அம்மா குழம்பிப் போய்ச் சொல்லவில்லை. எங்கள் நாட்டுக் கணக்கெடுப்பு அட்டவணையில், மதம் என்ற தலைப்பின் கீழ், இந்து, தெலுங்கு, மராத்தி என்ற பெயர்களோடு தமிழும் ஒரு மதமாகவே அச்சாகி வருகிறது. 2011 கணக்கெடுப்பில் மதமில்லை என்று சொன்னவர்கள் 0.7 சதவீதம், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்று நான் யோசித்ததுண்டு. வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. கடவுளை விடுவது பலருக்கு முடிகிற காரியம்தான். கடவுளை விட்டால் தாத்தா பாட்டியையும் விட்டதாக ஆகிவிடும் என்றால் யார் அப்படி எழுதச் சொல்வார்கள்?

இந்தத் தலைக்கணக்கு சும்மா புள்ளிவிவரத்துக்காக எடுப்பதும் இல்லை. அங்கீகாரம் பெற்ற மத அமைப்புகளுக்கு அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது, எந்த மதத்துக்கு எத்தனை தலை என்பதைப் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மதமில்லை என்று நான் எழுதினால் எனக்காக யாருக்கும் ஒரு காசு போகாது. ஆனால் நான் கட்டும் வரியிலிருந்து எல்லாருக்கும் போகும். கணக்கெடுப்பு நெருங்கும்போது எங்கள் பக்கத்துக் கோயிலில் பூஜை முடிந்ததும் 'மறக்காமல் தமிழ் என்று போடுங்கள்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். மொழியைக் காக்கிற அழைப்பு என்று நினைத்து நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன்தான்.

இதைவிடப் பெரியது அரசியல் சாசனத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 62 பேரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். அதற்குமேல் தோற்றவர்களில் இருந்து எட்டுப் பேர் வரை எடுத்து, எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்திருக்கிறதோ அதைப் பார்த்து நிரப்புவார்கள். இதற்குச் 'சிறந்த தோல்வியாளர்' முறை என்று பெயர். இதற்காக ஒவ்வொரு வேட்பாளரும் தான் இந்துவா, முஸ்லிமா, சீன வம்சாவளியா என்று மனுவில் எழுத வேண்டும். இந்த மூன்றிலும் 'வாழ்க்கை முறையால்' அடங்காதவர் எல்லாரும் நான்காவதான பொதுமக்கள் பிரிவு. ஒருவர் எழுதியது தவறு என்று வாக்காளர் யாராவது நினைத்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு மனிதனின் சமூகம் எது என்று நீதிபதி தீர்ப்புச் சொல்வார்!

அதற்கு அடிப்படையான தலைக்கணக்கு எந்த ஆண்டுடையது தெரியுமா? 1972. அதற்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்தப் பழைய எண்ணிக்கையை விடவில்லை. 1972இல் பிறந்தே இருக்காத பிள்ளைகள் இன்றைக்கு அந்த எண்ணிக்கைப்படி உறுப்பினர் ஆகிறார்கள். ரெசிஸ்தான்ஸ் எக் அல்தெர்நாதிவ் என்ற இடதுசாரிக் கட்சிக்காரர்கள் சமூகத்தை எழுத மாட்டோம் என்று மறுத்து ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவரை போனார்கள். 2012இல் குழு அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றது. 2014 தேர்தலுக்கு மட்டும் எழுதாமல் விடலாம் என்று ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், முறை அப்படியே இருக்கிறது.

இதில் தமிழன் எங்கே வருகிறான் என்று பாருங்கள். சாசனத்தில் அவன் இந்து. கணக்கெடுப்பில் அவன் மதம் தமிழ். கிறிஸ்தவத் தமிழன் என்றால் பொதுமக்கள் பிரிவு, தமிழ் என்ற பேச்சே அங்கே கிடையாது.

என் அத்தை கத்தோலிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஞானஸ்நானம் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் என் தலைமுறைக்கு முன்னால் தமிழ் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பாட்டியிடம் கேட்ட தாலாட்டை முழுதாகப் பாடுவார். கல்யாணம் ஆன வாரத்திலேயே தெருவில் 'அவள் கிரியோல் ஆகிவிட்டாள்' என்றார்கள். மொழியின் பெயர்தான், ஆனால் இங்கே பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிறிஸ்தவர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டி செத்தபோது அத்தை வந்தார், சமையலறைக்குள் வந்து மற்றவர்களோடு உட்காரவில்லை, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. மதத்தின் பெயரால் மொழியிலிருந்து ஒரு மனுஷியை வெளியே உட்காரவைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்றுவரை அது என் மனதை விட்டுப் போகவில்லை.

அதையே நான் வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பில் பார்க்கிறேன். மொழிப் பாட மணி அடித்ததும் ஒன்றாக உட்கார்ந்திருந்த வகுப்பு உடையும். ஹிந்தி எடுக்கிறவர்கள் ஒரு அறை, உருது ஒரு அறை, தமிழ் என் அறை. 2012 முதல் கிரியோலும் ஒரு பாடம். பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு வராந்தாவில் பிரிந்து போகிறபோது பாட்டன் பூட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதை அப்படியே படம் போட்ட மாதிரி இருக்கும். ஒரு வருஷம் ஒரு கிரியோல் சிறுமி தோழியோடு சேர்ந்து என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். தமிழ் எழுத்து வளைந்து வளைந்து அழகாக இருக்கிறது, நானும் படிக்கிறேன் என்றாள். மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். ரொம்பப் பணிவாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மிஸ்யே (ஐயா), படித்தால் பிள்ளை மதம் மாற வேண்டியிருக்குமா?"

தேவையே இல்லை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டேன். நூறு ரூபாய் நோட்டிலுள்ள தமிழை அந்த வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் வாசித்தவள் அவள்தான். நோட்டைச் சுருட்டிப் பிடித்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. ஆனால் அந்தத் தாயின் கேள்வியில் தப்பு இல்லை. தமிழ் விழா என்றால் கோயில் மண்டபம், தமிழ் மேடை என்றால் முதலில் குத்துவிளக்கு என்றே நாங்கள் பழக்கி வைத்திருக்கிறோம். வெளியாள் உள்ளே வரப் பயப்படத்தானே செய்வார்?

நோட்டு என்றதும் 1998 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மத்திய வங்கி வெளியிட்ட புது நோட்டுகளில் தமிழுக்கு மேலே ஹிந்தியை அச்சடித்துவிட்டார்கள். அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழாக இருந்தது. தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள், வங்கி நோட்டுகளைத் திரும்பப் பெற்றது, அதன் ஆளுநர் பதவி விலகினார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது அதே நோட்டுகளை வரிசையாக மேசைமேல் பரப்பி வைத்தால் வேறொன்று தெரிகிறது. இருபத்தைந்தில் சீனர், ஐம்பதில் பிரெஞ்சு வம்சாவளி, நூறில் எங்கள் ரெங்கநாதன் சீனிவாசன், இருநூறில் முஸ்லிம், ஐந்நூறில் இந்து, ஆயிரத்தில் கிரியோல். எல்லாரும் நாட்டுக்கு உழைத்தவர்கள், அதில் சந்தேகமில்லை. சுதந்திரத்துக்குப் பத்து ஆண்டுக்கு முன்பே இறந்துபோன சீனிவாசன் கல்வி அமைச்சராக எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை செய்தவர். அவரை எங்கள் பங்கு என்று சொல்லும்போது அவரைச் சின்னவர் ஆக்குகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப் பங்கு கேட்டு வாங்கித் தருகிறவர்களுக்கு இங்கே 'சோசியோ கில்திரெல்' என்று பெயர். சமூக, கலாசார அமைப்பு என்று பொருள். எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் மந்திரி சபையில் நம்ம ஆள் எத்தனை என்று எண்ணுவார்கள். நூ பான், நம்ம ஆளுங்க, என்ற ஒரே சொல்லில் அவர்கள் அரசியல் முழுக்க அடங்கிவிடும். கருக்கலைப்பைச் சில நிலைமைகளில் அனுமதித்த 2012 சட்டத்தின்போதும், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய பிரிவை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்குவதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அரசியல்வாதிகள் பேசத் தயங்கியது மதத் தலைவர்கள் முகம் சுளிப்பார்களே என்றுதான். 2024 மார்ச்சில் மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்குப் போய்வரும் பக்தர்களின் பெரிய கன்வர் (அவர்கள் கொண்டுபோகும் அலங்காரக் கூடு) ஒன்று மின்கம்பியில் பட்டுத் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். கன்வர்களின் உயரத்துக்குக் கண்டிப்பான எல்லை வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. பக்தர்களின் உயிரைக் காப்பாற்றச் சொல்லும் வார்த்தைகூடப் பக்திக்கு எதிரான வார்த்தையாகக் கேட்டுவிடுமோ என்ற பயம் எங்கள் பொது வாழ்க்கையில் இருக்கிறது. என் கோபம் அந்தப் பயத்தின்மேல்.

சரி, கோயில் வாசலை மிதிப்பேனா என்ற கேள்விக்கு வருகிறேன். மிதிப்பேன். என் அண்ணன் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுப்பார். பத்து நாள் விரதம், தரையில் படுக்கை. அன்றைக்கு நாக்கில் வேல் குத்தியிருப்பதால் பேச முடியாது, கண்ணாலேயே எல்லாம் கேட்பார். ஜனவரி, பிப்ரவரி எங்களுக்குக் கொளுத்துகிற கோடை. தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்காகத் தெருவாசிகள் குழாய் போட்டு ரோட்டை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். முஸ்லிம் வீட்டுப் பையன்களும் குழாய் பிடிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்த நேரத்தில் மந்திரி ஒருவர் வந்துவிட்டார். காவடிகளை வெளியே நிறுத்திவிட்டு அவரை உள்ளே கூட்டிப்போய் மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். தமிழ்ச் சமூகம் இந்த நாட்டுக்கு ஆற்றிய தொண்டு என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். அண்ணனின் தோளில் காவடி, அதில் கட்டிய சொம்பில் பால், முதுகு முழுக்க ஊசி. கால் மாற்றி மாற்றி நின்றார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் மயங்கி உட்கார்ந்தாள். யாராவது போய்ப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நிர்வாகி ஒருவரிடம் கேட்டேன். "மண்டபக் கூரைக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது தம்பி" என்றார். கடவுளை நம்பாத எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. நம்புகிறவர்களை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே நடந்தது என்ன பூஜை?

அந்த ஆண்டிலிருந்து என் வேலை இரண்டு பெரிய டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அண்ணனின் பக்கத்திலேயே நடப்பது. கால் சுடும்போது ஊற்றுவேன். வாசல்வரை, அப்புறம் உள்ளேயும். நாக்கில் குத்திய வேலை எடுத்ததும் அவர் முதலில் கேட்பது எலுமிச்சம்பழத் தண்ணீர்தான். அதை அம்மா காலையிலேயே கலக்கிக் கொடுத்துவிடுவார், என்னிடம்தான் கொடுத்துவிடுவார். போன முறை அத்தையையும் வரச் சொல்லியிருந்தேன். வந்தார். கோயில் மதிலோரம் அம்மாவும் அவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.