மணியை அவிழ்த்து விடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் எழுத்தில் வீட்டு நாய்கள் அடிக்கடி வந்துபோவதால் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறான். ஒன்பது வயது. என் மகன் பிறப்பதற்கு முந்தின வருஷம் வந்தவன். மூன்று வாரத்துக்கு முன்னால் என் கணவர் சாத்தூர்ப் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டிலிருந்து சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது அதற்கு 35 நாள். மகன் சீசர் என்று பெயர் வைத்துவிட்டான்.

வந்த நாளிலிருந்து மணி அதைக் கண்டாலே உறுமுகிறான். அது சும்மா இருந்தால்தானே? அவன் காதைக் கடிக்கும், வாலைப் பிடித்துத் தொங்கும். போன வாரம் மணி பாய்ந்து அதைத் தரையோடு அமுக்கிவிட்டான். குட்டி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து மணியைப் புறவாசலில் கட்டிப் போட்டிருக்கிறோம். நாலைந்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை. "தம்பி பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு ஏக்கம் வரும்ல, அதுதான்" என்கிறார் அத்தை. குட்டிக்கோ வயிறு சரியில்லை, இளகிப் போகிறது. ராத்திரியெல்லாம் அழுகிறது. மணி என்றைக்கு சீசரோடு விளையாடுவான் என்று மகன் தினமும் கேட்கிறான். மணிக்குத் துரோகம் பண்ணிவிட்டோமோ என்று எனக்கு ஒரே கலக்கமாக இருக்கிறது. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

செல்வி, கோவில்பட்டி

அன்புள்ள செல்வி,

திருப்பிக் கொடுக்க வேண்டாம். மணியை அவிழ்த்து விடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் அவனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது உறுமல் இல்லை, அவன் நாலைந்து நாளாகச் சாப்பிடவில்லை என்ற அந்த ஒரு வரிதான். அத்தை சொல்லும் ஏக்கம் நாய்க்கும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஏங்கிப்போன நாய் ஒரு வேளை தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வீடு அடங்கிய பிறகு வந்து தின்றுவிடும். ஒன்பது வயது நாய் இத்தனை நாள் சோற்றை ஒதுக்கினால் உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். உண்ணி கடித்த உடனே காய்ச்சல் வராது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். குட்டி வந்து மூன்று வாரம் என்கிறீர்கள். அதன் மேல் உண்ணி இருந்ததா, யாராவது பார்த்தீர்களா?

மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நாட்டு நாய்களில் சிலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, மூத்திரம் காபி நிறத்தில் போனாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்தில் சரியாகிற நோய்தான். இதற்கிடையில் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். பல்லையும் காட்டுங்கள். இந்த வயதில் கடைவாய்ப் பற்களில் காரை கட்டி ஈறு வீங்கியிருந்தாலும் சாப்பிட முடியாது. எங்கேயோ வலியை வைத்துக்கொண்டிருக்கிற நாய்க்குக் குட்டியின் சேட்டை எப்படிப் பொறுக்கும்? அவனுடைய கோபத்துக்கே இதுதான் பாதிக் காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, உறுமலுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பொன்னி என்று ஒரு கிழவி. சுண்டல் என்று ஒரு பயல். மழையில் நனைந்து கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தவன். பெயர் வைத்தது என் மகள், காரணம் கேட்காதீர்கள். வந்த புதிதில் அவன் பொன்னியின் காது மடலைக் கவ்விக்கொண்டு பின்காலை ஊன்றி இழுப்பான். அவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு எழுந்து இடம் மாறிப் படுப்பாள். அவன் அங்கேயும் போவான். அப்போது உதட்டை ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஒற்றைக் கோரைப் பல்லைக் காட்டுவாள், சத்தமே இருக்காது. அதற்கும் அடங்காவிட்டால்தான் உறுமல். அதற்கும் மசியவில்லை என்றால் வாயை அகலத் திறந்து அவன் மூஞ்சி முழுவதையும் உள்ளே வாங்கி ஒரு நொடி தரையோடு அழுத்துவாள். அவன் போடும் கூச்சலைக் கேட்டால் கழுத்தே போய்விட்டது என்று நினைப்பீர்கள். தூக்கிப் பார்த்தால் எச்சில் ஈரம் இருக்கும், ஒரு கீறல் இருக்காது. அடுத்த நிமிஷம் வயிற்றால் தவழ்ந்து போய் அவள் கடைவாயை நக்கிக்கொண்டிருப்பான்.

மணி அன்றைக்குச் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும். சீசருக்கு ரத்தக்காயம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பது வயது நாய் உண்மையாகவே கடிக்க நினைத்திருந்தால் ஏழெட்டு வாரக் குட்டி மிஞ்சியிருக்காது. கூச்சலை வைத்துக் காயத்தைக் கணக்குப் போடக் கூடாது. கூடி நின்ற தெருக்காரர்களில் யாராவது "கிழட்டு நாயை முதல்ல விரட்டுங்க" என்று சொல்லியிருப்பார்கள். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறவர்களாகவும் அவர்களே இருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உறுமியதற்காக மணியை அதட்டவோ அடிக்கவோ கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரித்ததற்கு அடி விழுந்தால், அடுத்த முறை நாய் எச்சரிக்காமல் நேராகக் கடிக்கும். நான் பயப்படுவது வேறு விதமான நாய்க்கு: சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, குட்டியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் நாய். அப்படி நின்றாலோ, குட்டி மல்லாந்து சரணாகதி அடைந்த பிறகும் விடாமல் கவ்வி உதறினாலோ உடனே பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று. 35 நாளில் தாயிடமிருந்து பிரித்தது ரொம்பச் சீக்கிரம். நம் ஊர்ப் பக்கம் வழக்கம் அப்படி. பாலை மறந்து சோற்றில் வாய் வைத்துவிட்டால் குட்டியைத் தூக்கிவிடுவார்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பது தெரிகிறது. வலித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இதைப் பாதியில் விட்டு வந்தவன் உங்கள் சீசர். 28 பால் பல்லையும் வைத்துக்கொண்டு உங்கள் மகனின் கையைப் பதம் பார்க்கிறானா, இல்லையா? அந்த மிச்சப் பாடத்தை உங்கள் வீட்டில் நடத்தத் தெரிந்தவன் ஒருவன்தான். அவனைப் பிடித்துப் புறவாசலில் கட்டிவைத்திருக்கிறீர்கள்.

ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மெய்ன் மாநிலத்தில் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்துக் கவனித்து 1965 இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் பழகுகிறதோ அதெல்லாம் பிற்பாடு அதற்குச் சகஜமாகிவிடும், அதற்குப் பிறகு பழக்குவது பெரும்பாடு என்பது அவர்கள் கண்டது. சீசருக்கு இப்போது எட்டு வாரம். மிச்சம் இருப்பது ஒரு மாதம்தான். பெரிய நாய், சின்னப் பையன், மிக்ஸி சத்தம், வாசலில் வரும் பால்காரர் எல்லாம் இந்த மாதத்துக்குள் அவனுக்குப் பழக வேண்டும். கோழியும் ஆடும் கட்டாயம். சிப்பிப்பாறை முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம். 1972 இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதன் காலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஓடுகிற எதையும் துரத்தும். பக்கத்து வீட்டுக் கோழி மேயும்போது குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தினமும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போக வேண்டும். (2005 இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

அவிழ்த்து விடுவதையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். முதலில் மணியை அவிழ்த்துவிட்டுக் குட்டியைக் கழுத்துப்பட்டையோடு யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். இதுவரை நீங்கள் செய்ததற்கு நேர் மாறு. கட்டிக் கிடக்கிற நாய்க்கு நகர்ந்து போக வழியில்லாததால் உறுமலைத் தவிர வேறு வழியும் இல்லை. மணி விலகிப் போக நினைத்தால் போகட்டும். குட்டி ஏற முடியாத ஓர் இடம் அவனுக்கென்று இருக்க வேண்டும். திண்ணையோ பழைய கட்டிலோ போதும். சோறு தனித்தனி இடத்தில், நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும், மணிக்கு முதலில். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள், இன்னும் சில மாதத்துக்கு.

அப்புறம், மணி காலையில் யாரோடு நடந்துகொண்டிருந்தான்? டீக்கடை வரைக்கும் உங்கள் கணவரோடு என்றால் அந்த நடை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சீசர் அதில் சேரவே கூடாது. நாய்க்குத் துரோகம் என்று ஒன்று இருந்தால் அது புதிதாக ஒரு குட்டி வந்தது இல்லை. வழக்கமான நேரத்துக்கு வாசலில் வந்து நின்றவனைக் கூப்பிடாமல் போவதுதான்.

குட்டியின் வயிற்றுக்கு வருகிறேன். பசும்பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. குழைந்த சோறும் வேகவைத்த முட்டையும், எலும்பு எடுத்த கோழியும் போதும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், அது இரண்டு பேருக்குமே ஆகாது. வெங்காயமும் திராட்சையும்கூடத்தான். பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். மணியைக் காட்டப் போகும்போது குட்டியையும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள், தரையில் இறக்க வேண்டாம். வாந்தியும் சேர்ந்து, மலத்தில் ரத்தம் வந்து, குட்டி துவண்டு படுத்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம் வரைக்கும். அதுவரை தெருநாய்கள் நடமாடும் இடத்தில் இறக்காதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில். மணிக்கு இந்த வருஷத்து ஊசி போட்டாயிற்றா?

மகன் விஷயத்தில் ஒன்று. குட்டிதானே என்று பல் பட்ட கீறலை விட்டுவிடுகிறார்கள். குட்டிக்கும் ரேபிஸ் வரும். பல் பட்டுத் தோலில் சின்னக் கீறல் விழுந்தாலும் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

ராத்திரி அழுகைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தனியாகப் படுத்துப் பழகாத குட்டி அழத்தான் செய்யும். ஓர் அட்டைப்பெட்டியில் அத்தையின் பழைய சேலையைப் போட்டு உங்கள் பாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். நடுராத்திரியில் முனகினால் தூக்கிக்கொண்டு போய்ப் புறவாசலில் விட்டு, மூத்திரம் போனதும் கொண்டுவந்து படுக்க வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் இதே மாதிரி. வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், அதனால் அது உங்களைக் கண்டு பயப்படப் பழகும், அவ்வளவுதான்.

மணி என்றைக்கு விளையாடுவான் என்று கேட்கிற உங்கள் மகனிடம், விளையாடாமலே போகலாம் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். சில கிழ நாய்கள் கடைசி வரை குட்டியோடு விளையாடாது. பக்கத்தில் படுக்க விடும், அதற்கே நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். பொன்னி இன்று வரைக்கும் சுண்டலோடு ஓடியது கிடையாது. ஆனால் கேட் பக்கம் அவன் குரைத்தால் உடனே எழுந்து போய்ப் பார்ப்பாள். விஷயம் இல்லையென்றால் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். பையனுக்கு ஓட ஆள் வேண்டுமென்றால் சீசரோடு அவனே ஓடட்டும்.

நாளைக்கே போய்விடுங்கள். ரத்தப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா