ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் நம்பிச் சேர்க்கலாமா?

"அன்பைப் போதிக்கிற பள்ளிதானே, மற்ற இடங்களைவிட நம் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு விவரம் எதுவும் தரவில்லை. பிள்ளைக்கு ஐந்தாறு வயது, சேர்க்கைப் படிவம் கையில் இருக்கிறது, "உடல்நலக் குறை ஏதேனும் உண்டா" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டத்தை ஒரு முறை காலியாக விட்டவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கலாம். ஆனால் அன்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். காலை ஜெப வேளையில் உங்கள் பிள்ளை எங்கே இருப்பான், யாரோடு இருப்பான், முடியாமல் போனால் எந்த வழியாக வெளியே போவான் என்று கேளுங்கள். கணக்கும் பாடமும் எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கிறிஸ்தவப் பள்ளியைக் கிறிஸ்தவப் பள்ளி ஆக்குவது அந்த அரை மணி நேரம். நம் பிள்ளைகளுக்கு ஒரு நாளிலேயே கடினமான நேரமும் அதுதான். யோசித்துப் பாருங்கள்: முந்நூறு பிள்ளைகள் ஒரே கூடத்தில், கீபோர்டு, டிரம்ஸ், இடையிடையே கீச்சிடும் மைக், எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாட்டு. அது முடிந்ததும் சட்டென்று அமைதி. கண்ணை மூடு, கையைக் குவி, அசையாதே. சத்தமும் கூட்டமும் பத்து மடங்காக உள்ளே போகிற ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்கிறோம். அவனால் முடியாவிட்டால் அதற்கு "பயபக்தி இல்லை" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு கொஞ்சம்தான் வரும். பயம் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூக்கால் ஒரே சுருதியில் முனகுவான். வெளிச் சத்தத்தை அடக்க அவனே கண்டுபிடித்த வழி அது. முதல் பள்ளியில் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் இடம் கிடைக்காது என்று பயந்தேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். "நீ மறைத்தாய், அதனால்தான் நடந்தது" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். பாதி சரி. மீதிப் பாதியையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது வாரத்தில் ஜெப நேரத்தில் முனக ஆரம்பித்தான். டீச்சர் அவன் காதிலிருந்து கைகளை எடுத்துக் குவித்து வைத்தார். மறுபடி பொத்தினான். மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை அவர் கையைக் கடித்துவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது அவர் மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. அந்த டீச்சர் மேல் எனக்கு இன்று வரை கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். அவன் அடம்பிடிக்கவில்லை, தாங்க முடியாமல் உடைந்துபோகிறான் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட், தெரபி, என்ன செய்தால் அடங்குவான், எல்லாம். ஆறு வாரம் பொறுத்தார்கள். அப்புறம் பிரின்சிபால் கூப்பிட்டார். கண்கலங்கித்தான் பேசினார், நடிப்பு இல்லை. "உங்கள் பையனை நாங்கள் நேசிக்கிறோம். ஆனால் எங்களுக்குப் பயிற்சி இல்லை. ஆண்டவர் அவனுக்கென்று சரியான கதவைத் திறப்பார்" என்று சொல்லி ஜெபம் செய்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மேஜையில் டி.சி. இருந்தது. கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி, தேதியோடு. தேதி முந்தின நாளுடையது.

வேறு எந்தப் பள்ளியாவது போகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஜெபம் செய்து அனுப்பியவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அந்த வலி வேறு மாதிரி. இதை நிறைய பெற்றோர் வெளியே சொல்வதில்லை, சொன்னால் விசுவாசத்தில் குறை என்று ஆகிவிடும் என்று.

"பயிற்சி இல்லை" என்ற சொல் மட்டும் எனக்கு ஆறவே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சார்ல்-மிஷெல் தெ லெப்பே என்ற ஒரு பாதிரியார் இருந்தார். காது கேளாத சகோதரிகள் இருவருக்கு வேதம் சொல்லிக்கொடுக்க நினைத்தார். அவருக்கு மட்டும் யார் பயிற்சி கொடுத்தார்கள்? காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட கைச்சைகைகளை அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டு, அதை வைத்தே அவர்களுக்குக் கற்பித்தார். 1760 வாக்கில் அவர் தொடங்கிய பள்ளி, காது கேளாத ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் திறந்திருந்தது. பயிற்சி வந்த பிறகுதான் பிள்ளை வர வேண்டும் என்றால் அந்தப் பள்ளி வந்தே இருக்காது.

சரி, இரண்டாவது பள்ளிக்கு வருகிறேன். அதுவும் கிறிஸ்தவப் பள்ளிதான். என் மனைவிக்கு விருப்பம் இல்லை, எனக்கும் பயம்தான். இந்த முறை அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். அதை வாங்கிப் படித்த வகுப்பு டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "இவனுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" இரண்டாவது, "எதைக் கண்டால் பயப்படுவான்?" குறையைப் பற்றி மூன்றாவதாகத்தான் கேட்டார். அந்த வரிசைக்காகவே அங்கே சேர்த்தேன்.

அவர்கள் செய்ததில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஜெபக்கூடத்தில் பக்கவாட்டுக் கதவை ஒட்டிய பெஞ்சின் ஓரம் அவன் இடம். காதை மூடும் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம், யாரும் கழற்றச் சொல்லக் கூடாது. முதல் வாரம் மூன்று நிமிடம் மட்டும், அதுவும் கடைசி மூன்று நிமிடம். எல்லோரும் கலைந்து போகும்போது அவனும் முடித்துவிட்டுப் போகிறவனாக இருக்க வேண்டும், பாதியில் வெளியேற்றப்படுகிறவனாக இருக்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார். அதை நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் அந்த அட்டை. ஒரு நீள அட்டையில் ஆறு சின்னப் படங்கள், வெல்க்ரோ வைத்து ஒட்டியது. பாட்டு, பாட்டு, வசனம், கதை, ஜெபம், கடைசியில் கதவு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தைப் பிய்த்து அடியில் உள்ள உறையில் போடுவான். பர்ரென்று சத்தம் வரும். ஜெப அமைதியில் அந்த பர்ர் கூடம் முழுக்கக் கேட்கும். சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். பிரின்சிபால் அட்டையை மாற்றச் சொல்லவில்லை. இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்த பிறகு முனகல் தானாகக் குறைந்தது. முழு அரை மணி நேரம் உட்கார ஏழு மாதம் ஆனது. ஏழு மாதம், ஏழு நாள் இல்லை. எதிர்பார்ப்போடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனப்பாட வசனத்துக்கு அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, படங்களை வரிசையாக அடுக்கினால் போதும். அவன் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற டிஸ்லெக்ஸியா உள்ள பெண் ஒருத்தி உண்டு. வேதாகமத்தை ஆளுக்கொரு வசனமாக உரக்கப் படிக்கச் சொல்லும்போது அவள் முறை வருவதற்குள் வியர்த்துப்போவாளாம். இப்போது அவள் வசனத்தை முந்தின நாளே கொடுத்தனுப்புகிறார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

"ஒருவனுக்கு மட்டும் ஏன் சலுகை?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். டீச்சர் யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தைச் சொன்னார். நான் திக்குவாயன், என்னால் பேச முடியாது என்று மோசே சொன்னபோது, கடவுள் அவர் நாவைச் சரிசெய்துவிட்டு அனுப்பவில்லை. பேச ஆரோனைக் கூட அனுப்பினார். "அது சலுகை என்றால் இதுவும் சலுகைதான்" என்றார். கேட்டவர் அதற்கு மேல் பேசவில்லை. வகுப்பில் என் மகன் கூடவே இருந்து உதவுகிற ஷேடோ டீச்சரை நான் அன்றிலிருந்து மனசுக்குள் ஆரோன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பள்ளியிலும் தவறு நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் என் மகனைப் பார்த்துவிட்டு முன்னால் கூப்பிட்டு, தலையில் கைவைத்து, உரத்த குரலில் அவனுக்குள் இருப்பதை வெளியேறச் சொல்லிக் கட்டளையிட்டார். மைக்கில். அவன் அலறிய அலறலில் மற்ற பிள்ளைகளும் அழுதுவிட்டார்கள். அடுத்த பதினைந்து நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை, வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் கத்தினேன். பிரின்சிபால் மன்னிப்புக் கேட்டார், கேட்டதோடு நிற்கவில்லை. பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் தனியாக நிறுத்தி யாரும் ஜெபிக்கக் கூடாது என்று எழுத்தில் விதி போட்டார். வருகிற பேச்சாளர்களிடம் அதை முன்கூட்டியே கொடுக்கிறார்கள்.

நான் ஜெபத்துக்கு எதிரி இல்லை. தினமும் அவனுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் ஆட்டிசம் பிசாசும் இல்லை, சாபமும் இல்லை, பெற்றவர்களின் பாவமும் இல்லை. யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்து, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசுவே சொன்ன பிறகும் நம் ஆட்கள் அதே கேள்வியோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். சபையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து 1943இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். அதற்கப்புறம் பல வருஷம், அம்மாவின் பாசக் குறைவுதான் காரணம் என்று படித்த நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டு நொறுங்கியிருப்பார்கள். அதை எதிர்த்து, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று 1964இல் புத்தகம் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியல் படித்தவர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா.

அப்பா என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு வருஷமாக ஸ்பீச் தெரபிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். இன்றும் உள்ளே நுழைந்தால் "அம்மா வரலையா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்கான பதிலை மனைவிக்கு போன் செய்து சொல்கிறார்கள். வீட்டுப் பயிற்சித் தாளில் "தாயின் கையொப்பம்" என்று அச்சடித்திருக்கிறது. அவளும் வேலைக்குப் போகிறவள். எல்லாப் பாரத்தையும் அவள் தலையில் வைத்துவிட்டு, எனக்குக் "கூடமாட உதவி செய்கிறவர்" என்று பட்டம். மகனைப் பார்ப்பது உதவியா? எங்கள் இரண்டு பேருக்கும் இது அவமானமாக இருக்கிறது. இதைப் படிக்கிற தெரபிஸ்டுகள் யாராவது இருந்தால் அந்தத் தாளை மாற்றுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிறப்புப் பள்ளிதான் நல்லது என்று சொல்கிறவர்கள் இங்கே இருப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மை, நான் வாதாட வரவில்லை. எனக்குத் தெரிந்தது என் மகன் ஒருவனை மட்டும். செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவில் சிரமம், உள்ள பிள்ளைக்குச் சாய்தளமும் கழிப்பறையும்தான் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால் பள்ளி என்ன செய்தாலும் அதைத் தர்மம் மாதிரி வாங்கிக்கொள்ளாதீர்கள். 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, எல்லோரோடும் சேர்ந்து படிப்பதையும் அதற்குத் தேவையான வசதிகளையும் உரிமை என்றே சொல்கிறது. அதே சமயம், சட்டத்தை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. அமெரிக்காவின் 1990ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில்கூட மத அமைப்புகள் நடத்தும் பள்ளிகளுக்குப் பெருமளவு விலக்கு இருக்கிறது. அதனால் பேசியதை எழுத்தில் வாங்குங்கள். ஷேடோ டீச்சர் யார், அவர் வராத நாளில் யார், தேர்வில் கூடுதல் நேரம் எவ்வளவு, வகுப்பு டீச்சர் மாறினால் இந்த விவரங்களைப் புது டீச்சருக்கு யார் சொல்வார்கள். கடைசியைக் கட்டாயம் கேளுங்கள். எங்களுக்கு மூன்றாம் வகுப்பில் டீச்சர் மாறியபோது ஒரு மாதம் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது.

அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அட்டை தேவைப்படுவதில்லை. டிரம்ஸ் வாசிக்கும் பாட்டு ஒன்று மட்டும் இன்னும் ஆகாது. அது தொடங்கியதும் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போவான். பக்கத்தில் உட்காருகிற பையனும் எழுந்து கூடவே போகிறான், பாட்டு முடிந்ததும் இருவரும் உள்ளே வந்து உட்காருகிறார்கள். அந்தப் பையனைக் கூடப் போகச் சொல்லி யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்று டீச்சர் சொன்னார்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நாள் காலையில் அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பள்ளியின் ஜெப வேளையில் பின்வரிசையில் போய் நில்லுங்கள். கூடத்துக்கு எத்தனை கதவு, எந்தக் கதவு திறந்திருக்கிறது, நெளிகிற பிள்ளையை டீச்சர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹெட்போனை மறந்துவிடாதீர்கள்.