அர்யா சையொன்மா: பாட வந்த நடிகை – கேள்வி பதில்

பின்லாந்துப் பாடகி அர்யா சையொன்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அது தெரிந்தும் இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மதுரை வாசகி: அக்கா, முதலில் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'அர்ஜா' என்று படித்துவிடுகிறார்கள். பின்லாந்து மொழியில் அந்த எழுத்துக்கு 'ய' என்றுதான் ஒலி. அழுத்தம் எப்போதும் முதல் அசையில். குறில் நெடில் படித்த நமக்கு அந்த மொழி ஒரு விதத்தில் எளிது: 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கச்சாவடி. நீட்டாமல் விட்டால் பொருள் மாறிவிடும். பெயரின் கடைசியில் உள்ள 'மா' நிலத்தைக் குறிக்கும். நாமும் நிலத்தை மா கணக்கில் அளந்தவர்கள்தான். ஆனால் இதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம், தற்செயல்.

சேலம் வாசகர்: எந்த ஊர்க்காரர்? எப்படி வெளியே தெரிந்தார்?

1944 டிசம்பரில் மிக்கெலி நகரில் பிறந்தார். போர்க்காலத்தில் பின்லாந்து ராணுவத் தலைமையகம் இருந்த ஊர் அது. பிறகு ஹெல்சிங்கியில் படிப்பு. 1960களின் பிற்பகுதியில் அங்கே மாணவர்களிடையே இடதுசாரிப் பாட்டு இயக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. மேடை நாடகத்தையும் பாட்டையும் பிரித்துப் பார்க்காத கூட்டம். இவர் குரலில் இன்றைக்கும் அந்த வாசனை உண்டு.

வெளிநாட்டில் பெயர் தெரிந்தது கிரேக்க இசையமைப்பாளர் மிகிஸ் தியோடராகிஸால். 1967இல் கிரேக்கத்தில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவருடைய இசையைத் தடை செய்து, அவரையும் சிறையில் அடைத்தது. 1970இல் விடுதலையாகிப் பாரிசுக்குப் போனவர் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தினார். அந்தப் பயணங்களில் அர்யாவும் பாடினார். சொந்த நாட்டில் ஒலிக்கக் கூடாத பாட்டை வடக்கிலிருந்து வந்த ஒரு பெண் பாடுகிறாள் என்றால், அரங்கத்தில் இருந்த கிரேக்க அகதிகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

கோவை வாசகர்: நடிகை என்கிறீர்கள். எந்தப் படம்?

1979இல் வந்த 'புந்திலா' படம். ரால்ஃப் லாங்பாக்கா இயக்கியது. மூலம் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகம். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பிரெக்ட், 1940இல் பின்லாந்து எழுத்தாளர் ஹெல்லா வூலியோக்கியின் பண்ணையில் தங்கியிருந்தபோது, அவர் சொன்ன கதையிலிருந்து எழுதியது. பண்ணையார் புந்திலா குடித்தால் தங்கமான மனிதர், தெளிந்தால் கல்நெஞ்சர். அவர் மகள் ஏவா வேடத்தில் அர்யா.

நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. கார் ஓட்டும் மாத்தி, பண்ணையார் மகளுக்குத் தேர்வு வைக்கிறான்: நீ ஒரு தொழிலாளியின் மனைவியாக இருக்க முடியுமா? கிழிந்த காலுறையைத் தைத்துக் காட்டு, இந்த உப்பு மீனைப் பரிமாறு. அவள் விளையாட்டாகத் தொடங்கித் தோற்றுப்போகிறாள். சிரிக்கவும் வேண்டும், அவமானமும் முகத்தில் தெரிய வேண்டும். அர்யாவின் பாட்டில் எனக்குப் பிடித்ததும் இதே கலவைதான். அவர் ராகத்தை அழகுபடுத்துபவர் அல்லர், வரியைப் பேசுகிறார். குரல் தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பு. இனிமையான குரலைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

தஞ்சாவூர் வாசகி: வாழ்க்கைக்கு நன்றி சொல்லும் பாட்டு அவருடையதா அக்கா?

இல்லை அம்மா. சிலி நாட்டின் வியோலெத்தா பார்ரா எழுதி, மெட்டமைத்துப் பாடியது. ஒவ்வொரு சரணமும் வாழ்வுக்கு நன்றி என்றே தொடங்கும். முதலில் கண்ணுக்கு, பிறகு காதுக்கு, சொல்லுக்கு, களைத்த கால்களுக்கு, நெஞ்சுக்கு, கடைசியில் சிரிப்புக்கும் அழுகைக்கும். இப்படி நன்றி சொன்னவர் 1967இல் தற்கொலை செய்துகொண்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடியவில்லை, எனக்கு.

அர்யா இதை ஸ்வீடிஷ் மொழியில் பாடினார். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலி அகதிகள் ஏராளமாக ஸ்வீடனுக்கு வந்திருந்த காலம். 1986 பிப்ரவரி 28 இரவு, பிரதமர் ஊலோஃப் பால்மே மனைவியுடன் சினிமா பார்த்துவிட்டு நடந்து வரும்போது ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கில் அர்யா பாடியது இந்தப் பாட்டைத்தான். சாவு வீட்டில் ஒப்பாரிக்குப் பதிலாக நன்றி. ஸ்வீடன்காரர்களுக்கு அந்தப் பாட்டு இன்றும் அர்யாவுடையதாகவே இருப்பதற்கு அது ஒரு காரணம்.

சென்னை வாசகர்: யூரோவிஷனில் பாடியிருக்கிறாரா?

இல்லை. வாசல் வரை போனார். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் அந்தப் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடன் தன் பாடகரைத் தேர்ந்தெடுக்கத் தனிப் போட்டி நடத்தும். 1987இல் அதில் லாஸ்ஸே ஹோல்ம் எழுதிய, கடலுக்கு மேலே உயரப் பறப்பதைப் பற்றிய பாட்டோடு இறங்கி இரண்டாம் இடம் பெற்றார். அரசியல் பாட்டுக்காரி பாப் பாடுகிறாரே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. நல்ல பாட்டு அது.

வென்றவர் லோத்தா எங்பெர்ய். அவர் பாட்டின் தலைப்பிலேயே ஒரு சூயிங்கம் பெயரும் கோகோ கோலாவும் இருந்தன. யூரோவிஷனில் விளம்பரம் கூடாது என்பதால் பெயரை மாற்றிக்கொண்டுதான் போக முடிந்தது.

நாகர்கோவில் வாசகர்: பின்லாந்துக்காரரை ஸ்வீடன் எப்படி ஏற்றுக்கொண்டது?

1809 வரை பின்லாந்து ஸ்வீடனின் பகுதி. இன்றும் அங்கே ஸ்வீடிஷ் ஓர் ஆட்சிமொழி, பள்ளியில் எல்லோரும் படிக்கிறார்கள். 1960களிலும் 70களிலும் வேலை தேடிப் பெரும் கூட்டம் ஸ்வீடனுக்குப் போனது. தொழிற்சாலைகளில் அவர்கள் பேசிய கரடுமுரடான ஸ்வீடிஷ் கேலிக்கு ஆளானது. அர்யா தன் உச்சரிப்பை மழுப்பிக்கொள்ளவில்லை. அதே அழுத்தத்தோடு மேடையில் பாடினார்.

ஈரோடு வாசகி: இப்போதும் பாடுகிறாரா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

2019இல், 74 வயதில், அதே ஸ்வீடன் போட்டிக்கு மறுபடி வந்தார். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. போயிருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். ஐ.நா. அகதிகள் அமைப்பின் நல்லெண்ணத் தூதராகவும் இருந்திருக்கிறார். நீராவிக் குளியலான சவுனாவைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார், பின்லாந்துக்காரர் ஆயிற்றே.

கேட்பதற்கு: முதலில் வியோலெத்தா பார்ரா பாடிய நன்றிப் பாட்டைக் கேளுங்கள், பிறகு உடனே அர்யா பாடியதை. மொழி புரியாவிட்டாலும், சரணத்தின் முதல் சொல்லை ஒவ்வொரு முறையும் எப்படி எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.