ஷாம்பெர்த்தான் வேறு, ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் வேறு

கேள்வி: பாரிஸில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். எங்கள் மேலதிகாரி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பர்கண்டி சிவப்பு ஒயின் என்றால் அவருக்கு உயிர். கடையில் பார்த்தால் ஒரு புட்டியில் ‘ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான்’ என்று போட்டு 52 யூரோ. மேல் தட்டில் வெறும் ‘ஷாம்பெர்த்தான்’, விலையோ பல நூறு யூரோ. இரண்டும் ஒன்றா? எதிலும் திராட்சையின் பெயரே இல்லை. நானோ மது அருந்தாதவன். 60 யூரோவுக்குள் எதை வாங்கினால் தலைகுனிவு வராது? அதுவரை வீட்டில் எப்படி வைத்திருப்பது?

பதில்: 52 யூரோ புட்டி போலி அல்ல, மேல் தட்டில் இருப்பது உங்களை ஏமாற்றவும் இல்லை. பெயரில்தான் சூட்சுமம். ஷாம்பெர்த்தான் என்பது ஒரு தோட்டம். மொத்தமே சுமார் 13 ஹெக்டேர், நம் கணக்கில் 32 ஏக்கர். அந்தத் தோட்டம் இருக்கும் ஊர் ஜெவ்ரே. 1847-இல் லூயி பிலிப் மன்னரிடம் அனுமதி பெற்று, தன் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்த ஊர். அன்று முதல் ஊரின் சாதாரண வயலில் விளைந்த ஒயினும் ‘ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான்’ என்ற பெயரில் விற்பனையாகிறது. சட்டப்படி அது சரியே. பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஊர்கள் சும்மா இருக்குமா? மோன்ராஷே என்ற தோட்டம் புலினி, ஷசாஞ் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில் கிடக்கிறது. 1879-இல் இரண்டு ஊர்களுமே அதன் பெயரைச் சூடிக்கொண்டன.

திராட்சையின் பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது. இந்த வட்டாரத்தில் சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டொனே. அலிகோத்தே, கமே போன்றவை ஓரத்தில் உண்டு, ஆனால் பெருமைக்குரிய ஊர்ப் பெயர்களுக்குள் அவை வருவது அரிது. இதுவும் தானாக அமைந்ததல்ல. 1395-இல் பர்கண்டியை ஆண்ட பிலிப் என்ற கோமகன், அமோகமாகக் காய்க்கும் கமே கொடிகளை ‘மிகக் கெட்ட, நம்பிக்கைத் துரோகச் செடி’ என்று திட்டி, வேரோடு பிடுங்கும்படி ஆணையே போட்டார். நல்ல மகசூல் தரும் பயிரை அரசாங்கம் பிடுங்கச் சொன்னால் குடியானவன் எப்படிக் கொதித்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் பினோ நிலைத்துவிட்டது. எல்லோரும் ஒரே கொடியை வளர்க்கிறார்கள் என்றான பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது? மண்ணில். அதனால்தான் லேபிள் கொடியைச் சொல்லாமல் மண்ணைச் சொல்கிறது.

அந்த மண்ணை ஒருமுறை நேரில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். திஜோன் நகரிலிருந்து தெற்கே போன் நகரைத் தாண்டி (தொலைபேசி அல்ல, ஊரின் பெயரே அதுதான்) ஒரு நீண்ட சரிவு ஓடுகிறது. கோத் தோர் என்பார்கள். பெரும்பாலும் கிழக்கு பார்த்த சரிவு. காலை வெயில் நேராக விழும். உச்சியில் பாறையும் காடும், அடியில் கனத்த களிமண், நெடுஞ்சாலை. இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்த மெல்லிய மண் பட்டை ஒன்று இருக்கிறது. தண்ணீர் தேங்காது, கொடி கொழுத்துப் போகாது. பெரிய பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டையில்தான். நம் ஊரில் வாய்க்காலுக்கு மேலண்டை நிலம், கீழண்டை நிலம் என்று பிரித்துப் பேசுவதில்லையா, அதே கணக்குதான். இப்படிப் பெயரும் எல்லையும் கொண்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ‘க்ளிமா’ என்று பெயர். 1,247 க்ளிமாக்கள் கொண்ட இந்தச் சரிவை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இனி லேபிள். படம், கோபுரம், தங்க எழுத்து எதையும் பார்க்காதீர்கள். ‘அப்பெலாசியோன்’ என்ற சொல்லையும் ‘கோந்த்ரோலே’ அல்லது ‘ப்ரோத்தேஜே’ என்ற சொல்லையும் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அந்தப் புட்டியின் பிறப்புச் சான்றிதழ். அங்கே ‘பூர்கோஞ்’ (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்றிருந்தால் வட்டாரத்தில் எங்கு வேண்டுமானாலும் விளைந்தது. ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஊர் வயல். ஊர்ப் பெயரோடு ‘பிரமியே க்ரூ’ என்று சேர்ந்திருந்தால் அந்த ஊரின் தேர்ந்த வயல். ‘கிராண்ட் க்ரூ’ என்று போட்டு, ஊரைச் சொல்லாமல் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் அது உச்சிப்படி. மொத்த விளைச்சலில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் அது.

இங்கே ஒரு பொறி உண்டு. ஷார்ம்-ஷாம்பெர்த்தான், மாசி-ஷாம்பெர்த்தான், ஷபேல்-ஷாம்பெர்த்தான் என்றெல்லாம் பார்ப்பீர்கள். இவையும் ஒட்டுப்பெயர்தானே, ஊர் ஒயின்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இவை ஷாம்பெர்த்தானுக்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்கள். எல்லாமே கிராண்ட் க்ரூ. ஜெவ்ரே ஊரில் மட்டும் இப்படி ஒன்பது. முன்னால் நிற்பது ஊர்ப் பெயரா, தோட்டப் பெயரா என்பதுதான் விஷயம். உங்கள் மேலதிகாரி இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்; நீங்களும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

படிநிலை புரிந்துவிட்டது, ஏணியில் முடிந்தவரை மேலே ஏறி வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறதா? என் வாழ்க்கையின் மிகப் பெரிய ஒயின் அசட்டுத்தனம் அதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சேமித்த பணத்தில் ‘க்ளோ த வூஜோ’ புட்டி ஒன்று வாங்கினேன். கிராண்ட் க்ரூ. நண்பர்களைக் கூப்பிட்டுத் தக்கையைத் திறந்தால், நீர்த்த புளிப்பும் பீப்பாய் மர வாசனையும்தான் இருந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது.

க்ளோ த வூஜோ கல்மதில் சூழ்ந்த சுமார் 50 ஹெக்டேர் தோட்டம். 1098-இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் சிஸ்டெர்சியன் துறவிகள் காட்டைத் திருத்தி, துண்டு துண்டாக நிலம் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக உருவாக்கியது. மடத்தின் கையில் இருந்தவரை அது ஒரே தோட்டம். மேல்மூலை, நடு, அடி என எல்லா இடத்து ஒயினையும் பார்த்துக் கலக்க முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது, திருச்சபையின் நிலங்கள் பறிமுதலாகி ஏலம் போயின. அதன் மேல் நெப்போலியனின் 1804 சட்டம்: அப்பன் சொத்து பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. பங்காளிகள் பிரித்துக்கொண்ட பூர்விக வயலின் கதி நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? இன்று அந்த மதிலுக்குள் சுமார் 80 உடைமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் பாத்தியதை. மேல்மூலையில் மண் பிரமாதம். அடியில் சாலையோரம் ஈரம் தேங்கும் களி. ஆனால் லேபிளில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கிராண்ட் க்ரூ. நான் வாங்கிய புட்டி எந்த மூலையிலிருந்து வந்ததோ!

ஆகவே மண்ணின் பெயருக்கு அடுத்து, சொல்லப்போனால் அதற்கும் முன்பாக, ஒயின் செய்தவரின் பெயரைப் பாருங்கள். பினோ நுவார் பிடிவாதக்காரப் பயிர். தோல் மெல்லியது, மழை பெய்தால் அழுகும், ஏப்ரல் உறைபனியில் துளிர் கருகும். அறுவடை முடிந்து தொட்டியில் போட்ட பிறகும் கை வைத்தியம்தான்: காம்போடு போடுவதா, காம்பு நீக்கியா, மிதக்கும் தோலை எத்தனை முறை அமுக்கி முக்குவது, 228 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊறப்போடும்போது அதில் எத்தனை புதுப் பீப்பாய். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை பீப்பாயில் இருக்கும். புது மரம் அதிகமானால் வனிலா வாசனை வந்து மண்ணை மறைத்துவிடும். பணக்கார ருசி என்று அதற்கும் கூட்டம் உண்டு, எனக்கு ஒப்பவில்லை.

‘மீசாம்பூத்தேய் ஓ தொமேன்’ என்ற வரி லேபிளின் அடியில் இருந்தால், திராட்சை விளைவித்தவரே புட்டியிலும் அடைத்திருக்கிறார் என்று பொருள். அது இல்லாவிட்டால் பெரும்பாலும் வணிகர் வாங்கி முதிர வைத்து விற்றது. வணிகர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1731-இல் தொடங்கிய புஷார் பேர் எ ஃபிஸ், 1859-இன் லூயி ஜாதோ, 1880-இன் ஜோசஃப் த்ரூஆன் போன்ற வணிக நிறுவனங்கள் சொந்தத் தோட்டமும் நல்ல பெயரும் உள்ளவை. பெயர் தெரியாத வணிகர், பளபளக்கும் லேபிள், பெரிய ஊர்ப் பெயர், சந்தேகப்படும்படி மலிவான விலை நான்கும் ஒன்றுகூடினால் மட்டும் விலகி நடங்கள்.

உங்கள் 60 யூரோவுக்கு வருகிறேன். கடைக்காரரிடம் போய், “இந்த ஜெவ்ரேவைச் செய்தவர் யார், அவர் வயல் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். அவர் கண் மலர்ந்து ஐந்து நிமிடம் பேசினால் 52 யூரோ புட்டியையே வாங்குங்கள். தோளைக் குலுக்கினால் வேறு ஊருக்குப் போங்கள். ஜெவ்ரேவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் ஃபிசான், அதற்கும் வடக்கே மார்சனே: அதே சரிவு, பெயர் மட்டும் சற்றுச் சிறியது. இன்னும் தெற்கே கோத் ஷாலோனேஸ் பகுதியில் மெர்க்யுரே, ஜிவ்ரி. ஃபிசான், மெர்க்யுரே, ஜிவ்ரி ஊர்களின் பிரமியே க்ரூ உங்கள் பணத்துக்குள் கிடைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், கைதேர்ந்த ஒருவர் செய்த ஜிவ்ரி பிரமியே க்ரூவைத்தான் எடுப்பேன். ஜெவ்ரேவை யாரும் கொடுப்பார்கள். ஜிவ்ரியைத் தேர்ந்தெடுத்தவர் விசாரித்து வாங்கியிருக்கிறார் என்று ரசிகருக்குத் தெரியும். இரண்டு பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதால் கடையில் சொல்லும்போது உச்சரிப்பில் கவனம் வையுங்கள்.

அறுவடை ஆண்டையும் பாருங்கள். 2019, 2020 இரண்டும் வெயில் ஆண்டுகள். பழம் செறிந்த ஒயின், இன்னும் சில வருடம் தாங்கும். 2021-இல் ஏப்ரல் உறைபனி துளிர்களைக் கருக்கியதால் விளைச்சல் குறைவு, ஒயினும் மெலிவு. அதை விரும்புகிறவர்களும் உண்டு, பரிசுக்கு வேண்டாம். 2022 தாராளமாக விளைந்தது, சுவையிலும் குறையில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

கோப்பையில் ஊற்றும்போது நிறம் வெளிறிச் செம்பருத்தித் தண்ணீர்போல இருந்தால், கலப்படமோ என்று பதற வேண்டாம். மெல்லிய தோல் கொடுக்கிற நிறம் அவ்வளவுதான். அடர்த்தியை வைத்துத் தரம் பார்ப்பது பர்கண்டியில் செல்லாது.

வீட்டில் வைக்க ஒரு மாதத்துக்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. வெளிச்சம் படாத, குளிர்ந்த மூலையில் படுக்க வையுங்கள். தக்கை ஈரமாக இருக்க வேண்டும். சமையலறை அலமாரி கூடாது, குளிர்பதனப் பெட்டியின் தலையும் கூடாது, அங்கே சூடு. சூடேற்றும் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் நான் எழுதிய அத்தனையும் வீண். அவர் திறக்கும்போது 15, 16 டிகிரி இருந்தால் போதும். வெயில் காலமென்றால் அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம். அறையின் வெப்பத்தில்தான் சிவப்பு ஒயின் என்ற பழைய வழக்கு, கணப்புக்கு விறகு எரித்த காலத்துக் குளிர்ந்த அறைகளுக்குப் பொருந்தியது.

ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பிரிவு விருந்து அலுவலகத்திலேயே நடக்கிறதா? புட்டியை அங்கேயே திறந்து, பிளாஸ்டிக் கோப்பையில் பதினைந்து பேருக்குப் பங்கு வைத்துவிடுவார்கள் என்று தோன்றினால், இதைக் காகிதத்தில் சுற்றி அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுங்கள். விருந்துக்கு அதே வட்டாரத்து நுரை ஒயின், க்ரெமான் த பூர்கோஞ், இரண்டு புட்டி வாங்கிப் போனால் எல்லோருக்கும் வரும். செலவும் கையைக் கடிக்காது.